இன்னும் செல்லுபடியாகாத கையொப்பம்

ஹோரோகிலிருந்து வரும் சாலையைப் பனிச்சரிவு மூடி
இன்றோடு நான்கு நாள்.
இணையம் அதற்கு முன்பே போய்விட்டது,
யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல்.

கடைசி ஜீப்பில் ஒதினாமாத் கொண்டுவந்தான்,
மாவு மூட்டைக்குள் துணி சுற்றிய ஹார்ட் டிஸ்க்.
"உள்ளே மூணு தட்டு இருக்காம்" என்று
காதருகே வைத்துக் குலுக்கினான்.
ஒன்றும் ஆடவில்லை என்பதில் அவனுக்குச் சந்தேகம்.

தட்டுகள் அல்ல, ஒதினாமாத்.
தட்டுகளின் பிம்பங்கள்.
வட்டமே இல்லாத வட்டு.
வெற்றுக் கோப்பகம் ஒன்றைத் திறந்து
அதன்மேல் ஏற்றி உட்காரவைத்தால்
யாரோ வட்டைச் செருகிவிட்டார்கள் என்று
கணினி நம்பிவிடும்.
இந்தக் கணினிக்குச் செருகும் வாயே கிடையாது.
அதைக் கழற்றிய பொந்தில்
நூரினிசோ உலர்ந்த மல்பெரி வைத்திருக்கிறாள்.

மேலே ஏரி.
பத்து நிமிடத்துக்கு ஒருமுறை
நீர்மட்டத்தைச் சொல்கிறது மானி.
நவ்ரூஸுக்கு முன்பே பழைய டிஸ்க்
கரகரத்துச் செத்ததிலிருந்து
கேட்கத்தான் ஆளில்லை.
நூரினிசோவின் அண்ணன் ஷோதிபேக்
தினம் இருமுறை ஏறிப்போய்
கம்பத்தின் சிவப்புக் கோடுகளை எண்ணி வருகிறான்.
நேற்று வழுக்கிவிட்டது. மணிக்கட்டு
புளித்த மாவு மாதிரி உப்பியிருக்கிறது.

பட்டியலில் இருந்த இணைய முகவரிகள் முன்னால்
ஆளுக்கொரு ஹேஷ் குறி போட்டு வாயடைத்தேன்.
கீழே மூன்று புதிய வரிகள், மூன்று பிம்பங்களுக்கு.
என்டர்.

இந்தக் கையொப்பம் இன்னும் செல்லுபடியாகவில்லை,
மேலும் பத்தொன்பதாயிரத்து நானூறு நாள் ஆகும்
என்றது திரை.

பொட்டு அளவு பேட்டரி தீர்ந்துபோய்
கணினி 1970க்குத் திரும்பியிருந்தது.
ஜனவரி ஒன்று.
அதன் கணக்கில் தப்பில்லை.
அன்றைக்கு மேலே ஏரியே கிடையாது.
பனியாறு இருந்தது, கல்லாய்.
எதற்காக இந்த மென்பொருள் என்று
அது கேட்டிருந்தாலும்
என்னிடம் பதில் இருந்திருக்காது.

"மணி என்ன?"
நூரினிசோ கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.
"நாலு இருபது. ஏழு நிமிஷம் முந்தும். கழிச்சுக்கோ."
கழித்தேன். ஐம்பத்து மூன்று வருடத்தை
ஒரே வரியில் தட்டினேன்.
கையொப்பம் செல்லுபடியானது.

பிறகு கல்யாணத்துக்கு அழைத்த கதை.
ஒருவரைக் கூப்பிட்டால்
மைத்துனன் இல்லாமல் வரமாட்டார்.
மைத்துனனுக்கு அவன் சித்தப்பா வேண்டும்.
முதல் பிம்பத்தில் பதினெட்டுப் பேர்,
இரண்டாவதில் ஆறு.
மூன்றாவதில் ஒரே ஒரு ஆள்,
வரைபடம் வரைபவன்.
அவன் கோப்பு பாதியில் கிழிந்திருந்தது.
கூட்டுத்தொகை ஒத்துப்போகவில்லை.
மூன்று முறை பார்த்தேன்,
மூன்று முறையும் ஒரே மாதிரி ஒத்துப்போகவில்லை.

அவனை விட்டுவிட்டு மற்றவர்களை உட்காரவைத்தோம்.

எண்கள் மட்டும் வந்தன. கோடு இல்லை, வண்ணமில்லை.
214.
நூரினிசோ பள்ளிக்கூடக் கட்டத்தாளைச் சுவரில் ஒட்டி
முதல் புள்ளியை வைத்தாள்.
ஷோதிபேக் காலணி மாட்டிக்கொண்டிருந்தான்.
"இனி போகவேண்டியதில்லையே" என்றேன்.
"அது சொல்றது நிஜமான்னு யார் பார்க்கிறது?"

அவன் ஏறிக்கொண்டிருந்தபோது
நான் ஏற்றியவற்றை இறக்கப் பார்த்தேன்.
இரண்டு இறங்கின. மூன்றாவது மறுத்தது:
உள்ளே யாரோ இருக்கிறார்கள்.
யார் யார் என்று தேடினேன்.
நான்தான்.
அந்தக் கோப்பகத்துக்குள் நின்றுகொண்டே
அதை இறங்கச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வாக்கிடாக்கி இருமியது.
காற்று. காற்று. பிறகு அவன்:
"இருநூத்திப் பதிமூணு... அலை அடிக்குது...
பதினாலுன்னே போடு."